காராச்சேவுப் பக்குவத்தைக் காத்த மூவர்

சொன்னதை அப்படியே செய்கிற வேலைக்காரர்கள் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள், ஒரு நடை சாத்தூர் பக்கம் போய்ப் பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த அம்மா அங்கே காராச்சேவுக் கம்பெனி நடத்துகிறார். மேனேஜர் கோமதிநாயகம், அடுப்படியில் இருளாண்டி, பொட்டலம் கட்டச் செபஸ்தி. மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் செய்வார்கள். அதுதான் தொல்லையே.

பேச்சியம்மாளின் மசாலாப் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது. எதிர்க்கடைக்காரர் அதைக் களவாடத் தவம் கிடந்தார். அதனால் அம்மா பக்குவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைத் திறக்க ஸ்மார்ட் கார்டு வாங்கினார். சில்லு பதித்த அட்டை. பெட்டியில் செருகி, ரகசிய நம்பரையும் அழுத்தினால்தான் பக்குவம் திரையில் வரும்.

கார்டு மாட்ட வந்த நிலோஃபர், நம்பரைக் கோமதிநாயகத்திடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சொன்னாள்: "சார், நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. தெரியாத ஆளை உள்ளே விடாதீங்க. உள்ளே இருக்கிறது எதுவும் வெளியே போகக்கூடாது."

கோமதிநாயகம் அந்த மூன்றையும் மனப்பாடமே செய்துவிட்டார்.

மறுநாள் அம்மா மதுரைக்குக் கிளம்பினார். "சாயங்காலம் கல்யாண வீட்டுக்குச் சேவு போகணும். நான் வரும்போது ரெடியா இல்லேன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்."

"என்ன நல்ல மனசு!" என்று நெகிழ்ந்தான் இருளாண்டி. "வேலை முடியாட்டியும் வீட்டுக்கு விடுறாங்க."

கோமதிநாயகம்தான் அவசரமாகப் பெட்டியிடம் ஓடினார். அவர் வீட்டில் மாமியார் இருந்தார்.

கார்டைச் செருகினார். திரையில், 'ரகசிய எண்ணைத் தரவும்' என்று வந்தது.

"அண்ணாச்சி, கேக்குது!" என்று பதறினான் செபஸ்தி.

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாது."

"பெட்டிதானே கேக்குது?"

"பெட்டி வாயை எவன் பூட்டுவான்? நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிரும்."

யோசித்தார்கள். பொய் நம்பரைக் கொடுத்து ஏமாற்றுவது என்று முடிவாயிற்று. கோமதிநாயகம் ஒன்றை அழுத்தினார். 'தவறான எண்' என்றது பெட்டி.

"கண்டுபிடிச்சிருச்சே! அப்போ அதுக்கு நெசம் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குதுன்னா, நம்மளைச் சோதிக்குது. விடாதீங்க அண்ணாச்சி!"

விடவில்லை. இன்னும் இரண்டு பொய். 'கார்டு பூட்டப்பட்டது' என்று திரை சிவந்தது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இனிமேல் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது! இருளாண்டி மட்டும் அட்டையைப் புரட்டிப் புரட்டிச் சாவித் துவாரம் தேடினான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவன் நின்றான்.

"நீங்க தெரியாத ஆளா?" என்று அதட்டினார் கோமதிநாயகம்.

"என் பேரு நல்லபெருமாள். எதிர்க்கடையில வேலை."

"அப்படியா? இப்போ தெரிஞ்சு போச்சு. உள்ளே வாங்க."

நல்லபெருமாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பக்குவத்தைத் திருட வந்தவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நைசாகப் பேச்சை எடுத்தான். "அண்ணாச்சி, எங்க பக்குவத்தை நான் சொல்றேன். பதிலுக்கு உங்க பக்குவத்தை நீங்க சொல்லணும். சம்மதமா?"

"நம்பரைத்தானே சொல்லக்கூடாதுன்னாங்க? சம்மதம்!"

மிளகு, பூண்டு, ஓமம், பெருங்காயம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான் நல்லபெருமாள். இருளாண்டி கேட்கக் கேட்க மாவில் கொட்டிப் பிசைந்தான்.

"இப்போ உங்களது?"

"எங்களது எங்களுக்குத் தெரியாதே," என்றார் கோமதிநாயகம். "பெட்டிக்குத்தான் தெரியும். அதோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை."

நல்லபெருமாள் தலையிலடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மூவரும் மறித்தார்கள்.

"உள்ளே இருக்கிறது எதுவும் வெளியே போகக்கூடாது."

கெஞ்சினான், அழுதான். கடைசியில் அவனையும் பொட்டலம் கட்ட உட்கார்த்திவிட்டார்கள்.

சாயங்காலம் பேச்சியம்மாள் லாரியோடு வந்தார். ஒரு சேவை வாயில் போட்டார். முகம் மாறியது. "நாயகம்! இது எதிர்க்கடைப் பக்குவமாச்சே!"

"ஆமாம்மா. நம்மது பத்திரமா இருக்கு."

சேவை லாரியில் ஏற்ற வேண்டுமே? அதுவும் உள்ளே இருந்ததுதான். அம்மா விளக்குமாற்றைக் கையில் எடுத்த பிறகுதான் மூவரும் வழிவிட்டார்கள். சேவுக்கு முன்னால் நல்லபெருமாள் வெளியே பாய்ந்தான்.

அடுத்த நாள் நிலோஃபர் வந்து கார்டைத் திறந்துகொடுத்தாள். பெட்டி கேட்டால் சொல்லலாம் என்று பொறுமையாக விளக்கினாள். "பழைய நம்பர் வேண்டாம் சார். புதுசு ஒண்ணு போடுங்க. யாருக்குமே தெரியாத நம்பரா இருக்கணும்."

கோமதிநாயகம் எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். தானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பட்பட்டென்று எதையோ அழுத்திவிட்டுத் திரும்பினார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"முடிஞ்சதும்மா. இனி இந்த உலகத்துல ஒரு ஆளுக்கும் அந்த நம்பர் தெரியாது. என்னை அடிச்சே கேட்டாலும் வராது."