பேச்சித்தாயின் கட்டி

டாக்டர் தமயந்தி பல வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். அவருக்குப் பாடம் சொல்லும் டாக்டர் சங்கரவடிவு வயதில் இளையவர். இருவருக்கும் அதில் கொஞ்சம் சங்கடம்தான். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஒரு நாள் தமயந்தி கேட்டார். "கர்ப்பப்பையில கட்டியும் இருக்கு, ரத்தப்போக்கும் இருக்கு. கட்டியாலதான் போக்குன்னு எப்படி மேடம் உறுதியாச் சொல்றது?"

"யாருக்கு?"

"பேச்சித்தாய்க்கு. நாப்பத்தி மூணு வயசு. ஸ்கேன்ல வெளிப்பக்கமா சின்னக் கட்டி. ரத்த அளவு ஏழுதான் இருக்கு. திங்கக்கிழமை கர்ப்பப்பையை எடுக்கப் பேர் கொடுத்திருக்கேன்."

"மருந்து ஏதும் சாப்பிடுறாங்களா?"

"நல்லாக் கேட்டுட்டேன். இல்லைன்னுட்டாங்க."

சங்கரவடிவு எழுந்து வார்டுக்குப் போனார். தமயந்தியும் பின்னால் போனார்.

பேச்சித்தாய் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பையை எடுத்துவிட்டால் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியுமா என்று நேற்றிலிருந்து வருகிற நர்ஸ்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அவ்வளவு பயம்.

"வீட்டுக்காரர் என்ன செய்றார்?" என்றார் சங்கரவடிவு.

"அம்மன் கோவில்ல பூசாரிம்மா."

"இந்த வருஷம் கோவில் கொடைத் திருவிழா நல்லா நடந்துதா?"

தமயந்திக்கு எரிச்சல் வந்தது. சாகக் கிடக்கிறவளிடம் கோவில் கொடையை விசாரிக்கிறாரே.

பேச்சித்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஜாம்ஜாம்னு நடந்துதும்மா. நாந்தான் முதல் பொங்கல் வச்சேன்."

"அன்னிக்குன்னு பார்த்து வீட்டுவிலக்கு நாள் வந்துடலையே?"

"வர விட்ருவேனா? மாத்திரை போட்டுத் தள்ளிட்டேம்லா."

"பௌர்ணமி பூசைக்கு?"

"அதுக்கும்தான். ஆடி வெள்ளிக்கும் போட்டேன். கொழுந்தன் மக கல்யாணத்துக்கும் போட்டேன். மெடிக்கல்ல கேட்டா குடுப்பாவ."

"மருந்து எதுவும் சாப்பிடலைன்னு இவங்ககிட்ட சொன்னீங்களே?"

பேச்சித்தாய் திருதிருவென்று விழித்தாள். "அது மருந்தாம்மா? மருந்து சீக்குக்குல்லா. இது சாமி காரியம்."

சங்கரவடிவு தமயந்தியிடம் திரும்பினார். "ஆபரேஷனைத் தள்ளிவைங்க. கர்ப்பப்பை உள்சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்க, புற்று இல்லைன்னு தெரிஞ்சாகணும். வெளிப்பக்கக் கட்டியால இவ்வளவு போகாது; அந்த மாத்திரையாலதான் இருக்கும், இனி வேண்டாம். ரத்தம் ஏத்துங்க."

பரிசோதனையில் புற்று இல்லை. சில வாரங்களில் போக்கும் கட்டுக்குள் வந்தது. கட்டி தன் பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. இனி முதல் பொங்கலை ஓரகத்தி வைப்பாளே என்று பேச்சித்தாய் ஒரு பாட்டம் அழுதாள். அழுதுவிட்டுக் கர்ப்பப்பையோடு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன அன்று தமயந்தி கேட்டார். "கொடையைப் பத்தி விசாரிக்கணும்னு உங்களுக்கு எப்படி மேடம் தோணுச்சு?"

சங்கரவடிவு கை கழுவிக்கொண்டிருந்தார். "அந்த மாத்திரையை நீங்க கடைசியா எப்போ போட்டீங்க?"

தமயந்தி யோசித்தார். "போன மாசம். தம்பி புது வீட்டுப் பால்காய்ப்புக்கு."

"போன வாரம் நம்ம எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்துதே. மருந்து ஏதும் சாப்பிடுறீங்களான்னு கேட்டிருப்பாங்க. என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னுட்டேன்" என்றார் தமயந்தி.