எழுபத்திரண்டு கேள்விகளும் ஒரு தொட்டியும்

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பத்தேழு. அவரை யாரும் குரு என்று கூப்பிட்டதில்லை. பெருந்துறைப் பக்கம் துணிக்குச் சாயம் போடும் ஓர் ஆலையில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். பெயர் கோகிலவாணி.

சீடர் வேதமூர்த்தி சென்னைத் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். ஸ்டார்ட்-அப்களோடு கூட்டுச் சேர்ந்து புதுமை செய்யப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அதற்கு அவரைத் தலைவராகவும் போட்டது. “எதிலும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு மாசம் கோகிலவாணிகிட்ட கத்துக்குங்க” என்று எம்.டி. அனுப்பிவைத்தார்.

வேதமூர்த்தி புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் “டீ சாப்பிடறீங்களா சார்?” என்று கோகிலவாணி கேட்டதைக்கூட அதில் எழுதிக்கொண்டார். பாவம், நல்ல மனிதர்.

இரண்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சரியாகத் தூங்காத முகத்தோடு கோகிலவாணியின் அறைக்குள் வந்தார்.

“மேடம், ஒரு குழப்பம்.”

“சொல்லுங்க சார்.”

“கழிவுநீர்த் தொட்டியில இறங்கறவங்களுக்கு இடுப்புல மாட்டிக்கிற விஷவாயு அலாரம் வாங்கணும். ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒண்ணு நாற்பது வருஷக் கம்பெனி. இன்னொண்ணு கோயம்புத்தூர் ஸ்டார்ட்-அப். ரிஸ்வானா, கீர்த்தனான்னு ரெண்டு பொண்ணுங்க நடத்தறாங்க. ரெண்டு பேருக்கும் நம்ம ‘பொறுப்பான கொள்முதல்’ படிவத்தைக் கொடுத்தேன்.”

“எழுபத்திரண்டு கேள்வி.”

“ஆமா. பெரிய கம்பெனி எழுபத்திரண்டுக்கும் ‘ஆம்’னு எழுதியிருக்கு. பொண்ணுங்க முப்பத்தோரு இடத்துல ‘இல்லை’.”

படிவங்களை மேஜையில் வைத்தார். கோகிலவாணி புரட்டிப் பார்த்தார். பெண் ஊழியர்களுக்குத் தனி ஓய்வறை உண்டா என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள், “இல்லை. இருப்பதே ஒரு அறைதான். இரண்டு பேரும் பெண்கள்தான்” என்று எழுதியிருந்தார்கள். உங்கள் பொருள் குறையற்றதா என்ற கேள்விக்கு, “இல்லை. நீராவி பட்டால் சில சமயம் காரணமில்லாமல் கத்துகிறது. சரிசெய்துகொண்டிருக்கிறோம்.”

“படிவத்தைப் பார்த்தா பெரியவங்களுக்குக் கொடுக்கணும்,” என்றார் வேதமூர்த்தி. “புதுமையைப் பார்த்தா பொண்ணுங்களுக்குக் கொடுக்கணும். பெரியவங்க எல்லாத்துக்கும் ‘ஆம்’னு எழுதினதுதான் சந்தேகமா இருக்கு. பொண்ணுங்க ‘இல்லை’ன்னு எழுதினது பயமா இருக்கு. மூணு நாளா மண்டை காயுது மேடம். நான் யாருக்குக் கொடுக்கட்டும்?”

“சாம்பிள் ரெண்டும் எங்கே?”

“பையில இருக்கு.”

“எடுத்துக்கிட்டு வாங்க. படிவமும் இருக்கட்டும்.”

ஆலைக்குப் பின்னால் இருந்தது தொட்டி. பதினெட்டு அடி ஆழம். உள்சுவரில் துருப்பிடித்த இரும்பு ஏணி. நாற்றம் தொண்டையைப் பிடித்தது. வேதமூர்த்தி ஆலைக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்தார்.

“இவர் சென்னியப்பன். வாரத்துல ரெண்டு நாள் இவர்தான் இறங்கறார். இன்னைக்கு மூணு மணிக்கு,” என்றார் கோகிலவாணி. பிறகு சீடரைப் பார்த்தார். “நீங்க எதை மாட்டிக்கிட்டு இறங்கறீங்க சார்?”

“நானா?”

“நீங்கதான். நாலு படி போதும்.”

வேதமூர்த்தி இரண்டு அலாரங்களையும் கையில் எடுத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் திருகாணி கொஞ்சம் கோணலாக இருந்தது. முதலில் ஒன்றை இடுப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு மற்றதை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுபத்திரண்டு பதில்கள் அவரிடம் இருந்தன, அதில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

“ரெண்டையும் மாட்டிக்கலாமா மேடம்?”

சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“வேண்டாம், வந்துருங்க,” என்றார் கோகிலவாணி. “வேற யாரையாவது கேட்டுப் பாருங்க.”

யாரைக் கேட்பது என்று வேதமூர்த்திக்குப் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். அங்கே இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

“நீங்க எதுக்குங்க உள்ளே இறங்கறீங்க?”

“அடியில வால்வு இருக்குதுங்க. தொறந்து சேத்தைத் தள்ளியுடோணும். கையிலதான் திருகோணும்.”

“பயமா இல்லையா?”

“போன மாசம் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சுங்க. மேல இருந்தவங்க கயித்தைப் புடிச்சு இழுத்துப்போட்டாங்க. இல்லீன்னா இன்னைக்கு உங்களோட பேச ஆளில்லீங்க.” வானிலை சொல்வது போல அதைச் சொன்னார். “அந்தச் சக்கரத்துக்கு ஒரு நீளக் கம்பியைக் குடுத்து மேல கொண்டாந்துட்டா, எறங்கவே வேண்டியதில்லீங்க. மேல நின்னே திருகிப்போடலாம். அந்த ரெண்டு புள்ளைக வந்தப்பச் சொன்னனுங்க. எழுதிக்கிட்டாங்க.”

“எங்கே எழுதினாங்க?”

கோகிலவாணி படிவத்தை நீட்டினார். கடைசிப் பக்கம். ‘பிற குறிப்புகள்’.

“இதைப் படிச்சீங்களா சார்?”

“இல்ல மேடம். அதுக்கு மார்க் கிடையாது.”

இப்போது படித்தார். “தொட்டியில் இறங்கும் திரு. சென்னியப்பனிடம் பேசினோம். வால்வின் சக்கரத்தை மேலே கொண்டுவந்துவிட்டால் யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. அப்போது எங்கள் அலாரமும் உங்களுக்குத் தேவைப்படாது. இதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.”

பெரிய கம்பெனியின் கடைசிப் பக்கத்தில் ‘எதுவுமில்லை’ என்று அழகான எழுத்தில் இருந்தது.

வேதமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது.

“மேடம், இவங்க தங்களுக்கு வர இருந்த ஆர்டரைத் தாங்களே கெடுத்துக்கிட்டாங்களே. இவங்களை நான் என்ன பண்றது?”

“கூப்பிட்டுப் பேசுங்க. நம்ம ஆளுங்க வேற எங்கெங்க இறங்கறாங்கன்னு, இறங்கறவங்ககிட்ட பேசின அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நமக்குத் தெரியாது.”

அதற்குள் மூன்று மணி ஆகப்போனது. மேலே நின்று கயிறு பிடிக்கும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சென்னியப்பன் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“எறங்கட்டுங்களா?”

வேதமூர்த்தி குருவிடம் திரும்பினார். “அந்தக் கம்பி வைக்க எத்தனை நாளாகும்?”

“எட்டு நாள்.”

“அதுவரைக்கும் யாரும் இறங்கலைன்னா?”

“நாளைக்குக் காலையில தொட்டி நிரம்பிடும். சாய மெஷின் எல்லாத்தையும் நிறுத்தணும். செவ்வாய்க்கிழமை கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு போகாது.”

கோகிலவாணி இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று சீடர் காத்திருந்தார். அவர் படிவங்களை மடித்துக்கொண்டார். சென்னியப்பன் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

“இறங்காதீங்க!”

தன் குரல் இவ்வளவு சத்தமாக வருமென்று வேதமூர்த்திக்கே தெரியாது.

“கயித்தை அவுத்துடுங்க. கம்பி வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. மெஷினை நிறுத்தச் சொல்றேன்.”

சென்னியப்பன் நம்பாமல் கோகிலவாணியைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும்தான் முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்க நேரமாயிற்று.

சொன்ன பிறகுதான் வேதமூர்த்திக்குப் பயம் வந்தது. நோட்டைத் திறந்தார், மூடினார்.

“மேடம், எம்.டி. சும்மா விட மாட்டார். இவ்வளவு பெரிய ஆலையை யாரைக் கேட்டு நிறுத்தினேன்னு கேட்பார். நான் என்ன சொல்றது?”

“இறங்கறவரைக் கேட்டுன்னு சொல்லுங்க சார்.”