நாற்பது குடம் பொன்னும் மூன்று முழப் பட்டும்

கடலும் காடும் ஒட்டிக் கிடந்த தாழைநாட்டை முன்னொரு காலத்தில் மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆள் பெரிய ஆள். அவர் இடுப்பில் கச்சை கட்ட நாலு பக்கமும் நாலு சேவகர்கள் நிற்க வேண்டும். குரலோ, யானைக் கொட்டில் இடிந்து விழுகிற மாதிரி. காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. பக்கத்து ராஜா தும்மினால்கூடத் தானும் தும்மியாக வேண்டும்.

அவருடைய பொக்கிஷதார் சூரப்பராயர் மூக்கால் பேசுவார். அவர் வாய் திறக்கும் இடமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டவர் அமைச்சர் காரிக்கண்ணன். ராஜா சிரிப்பதெல்லாம் காரிக்கண்ணன் பேச்சுக்குத்தான் என்பதால் ராயருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராயர் ஆரம்பித்தார். "மகாராஜா! நம் பள்ளிக்கூடங்களுக்கு வருஷா வருஷம் நூறு குடம் பொன் கொட்டுகிறோம். பக்கத்து முத்துத்தீவில் நாற்பதே குடம்! அங்கே மீன் விற்கிற பெண்கூட ஏடு படிக்கிறாளாம். மிச்ச அறுபதை நம் அமைச்சர் கரைத்துக் குடிக்கிறாரா?"

"நாற்பதுதானா!" ராஜா துள்ளினார். "அப்படியானால் நமக்கும் நாற்பது! மிச்சத்தில் பட்டத்து யானைக்குப் பொன்னால் ஒரு குளம்!"

காரிக்கண்ணன் கைகூப்பினார். "அரசே, பாதிப் பள்ளிக்கூடங்களுக்கு மேல் பூட்டு விழும். அந்த நாட்டுக் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு."

"வேறா? ராயர் கணக்கு தப்பு என்று என் வாயாலேயே சொல்ல வை, பார்க்கலாம். என் பிறந்தநாள் தர்பார் வரை தவணை. சொல்ல வைத்தால் பள்ளிக்கூடங்கள் பிழைக்கும். இல்லையென்றால் அவற்றுக்குப் பூட்டு, உனக்கு அகழி. முதலைகள் இளைத்துப்போய்க் கிடக்கின்றன."

தாழைநாட்டில் ஒரு வழக்கம். பிறந்தநாள் அங்கியை ராஜா முன்கூட்டிப் பார்க்கவே கூடாது. முரசு கொட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த அங்கி இல்லாமல் அரியணையில் உட்கார்ந்தால் நாட்டுக்கே ஆகாது. அதற்குப் பட்டு எடுத்துக் கொடுப்பவர் நம் ராயர்தான்.

மறுநாள் தாழ்வாரத்தில் காரிக்கண்ணனைப் பார்த்ததும் ராயருக்கு ஒரே குஷி. "என்ன அமைச்சரே, முதலைகளிடம் உப்புக் காரம் தடவிக்கொண்டு போவீரா, அப்படியே போவீரா?"

"நீர் ஜெயித்துவிட்டீர், ராயரே. இன்னொன்றும் உம் கண்ணில் பட்டுவிடுமோ என்றுதான் பயம். நம் ராஜா அங்கிக்குப் பன்னிரண்டு முழம் பட்டு. முத்துத்தீவு ராஜாவுக்கு மூன்றே முழம். வெளியே சொல்லிவிடாதீர்!"

சொல்லாமல் இருப்பாரா? அங்கவஸ்திரம் தரையில் புரள ஓடினார். தானே கண்டுபிடித்ததாக ராஜாவிடம் சொன்னார். "சபாஷ்! மூன்று முழம்தான்!" என்றார் ராஜா. முத்துத்தீவு ராஜா கத்தரிச்செடி உயரம்தான் இருப்பார் என்பது இருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

தையல்காரர் மட்டும் அழாத குறை. "ராயரய்யா, மூணு முழம் கழுத்துப் பட்டிக்கே காணாதுங்களே!"

"தீவு ராஜாவுக்குப் போதுகிறது, நம் ராஜாவுக்குப் போதாதா? அரச கட்டளை! வாயை மூடிக்கொண்டு தை!"

பிறந்தநாள் வந்தது. சபையில் நாலு நாட்டுத் தூதர்கள். அகழிக் கதவருகே வேலோடு இரண்டு காவலர்கள். முதல் முரசு கொட்டியது. திரைக்குப் பின்னால் அணியறையில், ராயரும் காரிக்கண்ணனும் தையல்காரரும் சுற்றி நிற்க, பெட்டியைத் திறந்தார்கள். ராஜா கையை நுழைத்தார். முழங்கையோடு நின்றது. இழுத்தார். டர்ர்ர்! ஒரு தையல் போயிற்று.

"யார் வேலை இது?"

"சதி, மகாராஜா!" ராயரின் மூக்கு நடுங்கியது. "காரிக்கண்ணன்தான் என் காதில் ஓதினார்!"

ராஜாவின் வாள் உறையை விட்டு வந்தது. காரிக்கண்ணன் கழுத்தருகே நின்றது. வெளியே இரண்டாம் முரசு. மூன்றாவதற்குள் ராஜா அரியணையில் இல்லையென்றால் தூதர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

"ஆமாம் அரசே, நான்தான் சொன்னேன். வெட்டுங்கள். அதற்கு முன் முத்துத்தீவுத் தூதரிடம் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்."

"சீக்கிரம் கேள்!"

"தூதரே! உங்கள் தீவில் எத்தனை பிள்ளைகள்?"

திரைக்கு வெளியே ஒரு நிதானமான குரல். "நாலாயிரம் இருக்குங்க."

"ராஜா வருமானத்தில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு?"

"அஞ்சுல ஒரு பங்குங்க. குறைஞ்சா எங்க ஊர் மீன்காரங்க ராஜாவைச் சும்மா விடமாட்டாங்க."

காரிக்கண்ணன் ராஜாவைப் பார்த்தார். வாள் இன்னும் அதே இடத்தில்தான். "நமக்குப் பிள்ளைகள் ஐம்பதாயிரம், அரசே. அங்கே ஒரு குடம் பொன் நூறு பிள்ளைகளுக்கு. இங்கே ஐந்நூறு பேருக்கு. அவர்கள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு தருகிறார்கள். நாம் தருவது இருபதில் ஒரு பங்கு. நம் பிள்ளைகள் இன்றைக்கே இப்படியொரு அங்கியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ராயர் அதிலும் ஒரு கையை வெட்டச் சொல்கிறார்."

ராஜா தன் முழங்கையைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். வாள் மெல்ல இறங்கியது.

"கணக்கு… தப்பு" என்றார், பூனைக்குட்டிக் குரலில்.

"காதில் விழவில்லை, அரசே."

"தப்புய்யா! தப்பு! தப்பு!" திரை ஆடியது. "பள்ளிக்கூடங்களுக்கு இனி நம் வருமானத்திலும் ஐந்தில் ஒரு பங்கு! இப்போது என்னை எப்படியாவது வெளியே கொண்டுபோ!"

தையல்காரர் அங்கியின் முதுகை மேலிருந்து கீழ்வரை கிழித்தார். முன்பக்கம் ஒருவழியாக ஏறியது. பின்பக்கம்? அதற்குத்தான் ராயர் இருக்கிறாரே! மூன்றாம் முரசு கொட்ட, ராஜா கம்பீரமாக நடந்தார். பின்னால் இரண்டு கையாலும் கிழிசலைச் சேர்த்துப் பிடித்தபடி ராயர் நண்டு மாதிரி நடந்தார். அரியணை ஏறியும் விடவில்லை. விட முடியுமா?

முத்துத்தீவுத் தூதர் குனிந்து எட்டிப் பார்த்தார். "உங்க பொக்கிஷதார் ஏங்க ராஜா முதுகோட ஒட்டிக்கிட்டே இருக்கார்?"

"அவர் மிச்சம் பிடித்த பட்டு ஒன்பது முழம்" என்றார் ராஜா. "அதற்கு ஈடாக அவரே நிற்கிறார்."

முதுகுப் பக்கமிருந்து மூக்குக் குரல் ஒன்று கெஞ்சியது. "மகாராஜா… கை மரத்துப்போகிறது…"

"தர்பார் சாயங்காலம் வரைக்கும் உண்டு, ராயரே. இறுக்கிப் பிடியும்!"