சிமிழி கட்டிய காலி அறை

காட்டோரத் துவரங்கொல்லையில், ஒடிந்து காய்ந்த ஆமணக்குத் தண்டு ஒன்றுக்குள் சிமிழி என்ற தேனீ தனியாகக் குடியிருந்தாள்.

அவளுக்கு ராணியும் இல்லை, தாதியும் இல்லை, கூடு நிறையச் சொந்தபந்தமும் இல்லை. அவள் இலைவெட்டித் தேனீ. இலையை வட்டமாகக் கத்தரித்து வந்து, தண்டின் துளைக்குள் சுருட்டிப் பிள்ளைக்கு ஓர் அறை கட்டுவாள். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து அதில் ஓர் உருண்டை வைப்பாள். உருண்டையின் மேல் ஒரே ஒரு முட்டை. பிறகு இலையால் கதவை அடைத்துவிட்டு அதற்கு முன்னால் அடுத்த அறை.

அடைத்த கதவைத் தாய் திறக்கக் கூடாது. அதுதான் அந்தக் குலத்து வழக்கம். பிள்ளை தானே உண்டு, தானே வளர்ந்து, கதவைக் கடித்துத் திறந்துகொண்டு தானே வெளியே வரும். அதற்குள் தாயின் ஆயுசு முடிந்திருக்கும்.

சிமிழியால் மட்டும் அடைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பாவம், பயப்படக் காரணம் இருந்தது. அவளுடைய முதல் கூடு வரப்போரத்துச் சோளத்தட்டை ஒன்றின் துளையில் இருந்தது. வரப்பைச் சுத்தம் செய்கிறோம் என்று மனிதர்கள் காய்ந்ததையெல்லாம் கூட்டித் தீ வைத்தார்கள். அவள் வாயில் இலையோடு திரும்பியபோது புகை மட்டுமே இருந்தது. அப்புறம் பருத்திக் காட்டில் மருந்து அடித்தார்கள். அந்தப் பூவுக்குப் போன அவள் தங்கை, வீட்டுக்கு வழி தெரியாமல் சுற்றிச் சுற்றியே விழுந்தாள்.

இந்தத் தண்டில் இப்போது மூன்று அறைகள் முடிந்திருந்தன. மூன்றாவது அறையின் கதவை, அன்று காலையில் மட்டும் ஆறு முறை பிரித்துப் பார்த்துவிட்டாள் சிமிழி.

தண்டின் அடியில் மண்ணைத் தோண்டிக் குடியிருந்த மண்ணாள் என்ற தேனீ தலையை வெளியே நீட்டினாள்.

“ஏண்டி, முட்டை என்ன எழுந்து ஓடியா போய்விடும்?”

“இல்லை அக்கா… அசையாமல் கிடக்கிறதே!”

“முட்டை அசைந்தால்தானடி பயப்பட வேண்டும்! மூடு கதவை!”

இதையெல்லாம் துவரைப் பூவில் உட்கார்ந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் கூர்வாலி. அவளும் தேனீதான். ஆனால் ஒரு நாளும் மகரந்தம் சுமந்தவள் இல்லை. காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல, அடுத்தவள் கட்டிய அறைக்குள் தன் முட்டையைச் செருகிவிட்டுப் போவாள். அந்தக் குஞ்சு அரிவாள் போன்ற பல்லோடு பிறக்கும். வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டு உருண்டையைத் தின்னும்.

கூர்வாலி பறந்து வந்து தண்டின் மேல் உட்கார்ந்தாள்.

“சிமிழி! உன்னைப் போல ஒரு தாயை நான் பார்த்ததே இல்லை! அடைத்துப் போட்டுவிட்டுப் போவதெல்லாம் ஒரு வளர்ப்பா? அரை நாழிகைக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறாயே, நீதான் தாய்!”

சிமிழிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. புகழ்ந்தவர்கள் யாரும் இல்லை.

“கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் கண்ணு, பிள்ளைக்குக் காற்று வேண்டாமா? நீ இலைக்குப் போய் வா. வாசலில் நான் இருக்கிறேன்.”

சிமிழி போனாள். இலையோடு திரும்பியபோது வாசலில் ஒரே ரகளை!

“வெளியே வாடி, வெட்கங்கெட்டவளே!” என்று மண்ணாள் கூர்வாலியின் காலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாலைத் துளைக்குள் விடப் போன நேரத்தில் பிடிபட்டுவிட்டாள் அந்தத் திருடி.

கூர்வாலி காலை உதறிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

“இன்றைக்குப் போனால் என்ன? நாளைக்கும் வருவேன்! நீ கதவைத் திறக்காமலா இருக்கப் போகிறாய்? உன்னைத் தெரியாதா எனக்கு!”

சிமிழி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே முட்டைதான் இருந்தது, அவளுடையது. கதவை அடைத்தாள். ஆனால் அந்தக் கூர்மையான வாலுக்கு இந்த மெல்லிய இலை எம்மாத்திரம்?

“உன் இறக்கை கிழிந்துபோச்சு தங்கச்சி,” என்றாள் மண்ணாள். “இன்னும் ஓர் அறை கட்டத்தான் தெம்பு இருக்கும். சீக்கிரம் நாலாவது பிள்ளையை வைத்து மூடு.”

நாலாவது பிள்ளை! சிமிழி மத்தியானம் முழுக்க யோசித்தாள். வைத்தால், திருடியின் வாய்க்கு நேரே அல்லவா வைக்க வேண்டும்? உள்ளே இருக்கும் மூன்றும் என்ன ஆகும்?

“நாலாவது அறையில் பிள்ளை வைக்கவில்லை அக்கா. காலியாக விடப் போகிறேன்.”

“பைத்தியமா உனக்கு! காலி அறைக்கா இவ்வளவு பாடு?”

“நான் பயந்தாங்கொள்ளி என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.”

மூன்றாவது அறைக் கதவின் மேல் பத்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடித்து இறுக்கினாள். அதற்கு முன்னால் அழகான ஓர் அறை கட்டினாள். உருண்டை இல்லை, முட்டை இல்லை. வாசனைக்காக வாசலில் மட்டும் துளி மகரந்தத்தைச் சிந்தி வைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் காலி அறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். “ஐயோ, என் ராஜாவே! குளிருகிறதா? மூச்சு விடுகிறாயா?” என்று அவள் புலம்பியதைக் கேட்டு, மண்ணாள் வளைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிமிழி சிரிக்கவில்லை. அவள் நடிக்க வேண்டியதே இல்லை. பயம் நிஜம், அறைதான் பொய்.

அவள் இலைக்குப் போனதுதான் தாமதம், கூர்வாலி உள்ளே நுழைந்தாள். இருட்டு, அவசரம். இலை மடிப்பில் முட்டையைச் செருகிவிட்டு வெளியே வந்தாள்.

“அசடு! இன்னும் திருந்தவில்லையே!” என்று சிரித்தபடி அடுத்த கொல்லையைப் பார்த்துப் பறந்துபோனாள். வேலை முடிந்த இடத்துக்கு அவள் திரும்ப வருவதில்லை.

சிமிழி கடைசி இலையால் கடைசிக் கதவை அடைத்தாள். பிரித்துப் பார்க்க வாய் துறுதுறுத்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம்! அவள் அந்த இலையின் மேலேயே படுத்துக்கொண்டாள். திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறும் நேரத்தில், அங்கேயே அவள் மூச்சு அடங்கியது.

காலி அறையில் திருடியின் குஞ்சு பிறந்தது. அரிவாள் பல்லைத் திறந்தது. தின்ன ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சருகாகிப்போனது.

முதல் மழை பெய்த மறுநாள், பத்து இலைகளையும் கடித்துத் துளைத்துக்கொண்டு சின்னவன் வந்தான். அவன் பின்னால் அக்காக்கள் இரண்டு பேர்.

“இது யாருடைய அறை? ஒருத்தரையும் காணோமே!” என்றான் சின்னவன்.

“அம்மா சும்மா கட்டியிருப்பாள். வழியை விடுடா, வெயில் வந்துவிட்டது!” என்றாள் மூத்தவள்.

மூவரும் துவரைப் பூவைப் பார்த்துப் பறந்தார்கள்.

பயத்தை விரட்ட முடியாவிட்டாலும், அதைப் பிள்ளையின் அறைக்குள் விடாமல் வாசலில் காவல் வைப்பவளே கெட்டிக்காரத் தாய்.