கோணக்கொம்பர் மடக்கிய கடைசிக் கால்

ஒரு காட்டில் ஆடுகள் மட்டுமே குடியிருந்த பட்டணம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. பக்தியில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. பொழுது சாய்ந்தால் போதும், எல்லா ஆடுகளும் முன்னங்காலை மடக்கி, "சிறுத்தையிடமிருந்து எங்களைக் காப்பாற்று, சாமி!" என்று கத்தும்.

எந்தக் காலை முதலில் மடக்குவது? அங்கேதான் வந்தது வினை. வலக்கால்தான் என்ற வலக்காலார், தெருவுக்குக் கிழக்கே ஒரு பட்டி போட்டார்கள். இடக்காலார் மேற்கே ஒரு பட்டி போட்டார்கள். இரண்டுக்கும் முள்வேலி. சிறுத்தை அதை ஒரே தாவலில் தாண்டிவிடும். அதனால் என்ன? எதிர்ப்பட்டி ஆடு உள்ளே வராமல் இருந்தால் சரி.

ஒருநாள் சாயங்காலம், கூட்டத்தைத் தவறவிட்ட வெள்ளச்சி என்ற ஆடு அங்கே வந்தது. பாவம், நிறைமாதச் சினை. கிழக்குப் பட்டியின் தலைவர் கோணக்கொம்பர் படலைப் பாதி திறந்தார்.

"எங்கே, மடக்கிக் காட்டு."

வயிற்றுப் பாரத்தில் வெள்ளச்சியின் இரண்டு முன்னங்கால்களும் ஒன்றாக மடங்கின. தொம்மென்று விழுந்தது.

"அபசாரம்! இரண்டு காலுமா? இதற்கு இடக்காலாரே தேவலாம். அங்கே போ."

மேற்குப் பட்டியின் தலைவர் தாடியப்பர் எல்லாவற்றையும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வலக்கால் ஒரு மயிரிழை முந்தியது, அம்மா. என் கண் தப்பாது."

"ஐயா, இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுவிடுவேன். தனியாக நின்றால் சிறுத்தை என்னை விடுமா?"

"வயிற்றில் இருக்கிறதே, அது எந்தக் கால்?"

"அது இன்னும் பிறக்கவே இல்லையே!"

"பிறக்கட்டும், மடக்கட்டும். அப்புறம் சபை கூடிப் பேசுவோம்" என்று படலைச் சாத்தினார்.

வெள்ளச்சி நடுத்தெருவில் படுத்துக்கொண்டது. பிரார்த்தனை தொடங்கியது. கிழக்கே சத்தம் கூடியதும் மேற்கே அதைவிடக் கூடியது. சாமிக்குக் கேட்டதோ இல்லையோ, எதிர்ப்பட்டிக்குக் கேட்க வேண்டுமே!

அப்போது ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமடித்து அலறியது. அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. சும்மா கிடந்த வெள்ளச்சிக்கு மட்டும் கேட்டது.

"ஐயா, சிறுத்தை வருகிறது! பாறைக்கு ஓடுங்கள்!" என்று வேலியை முட்டிக் கத்தியது.

கோணக்கொம்பர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கால் மடக்கத் தெரியாதவள் எனக்குப் புத்தி சொல்வதா?" என்று அதையும் மூடிக்கொண்டார்.

வெள்ளச்சி மூச்சிரைக்க ஓடிப் பாறை இடுக்கில் புகுந்து திரும்பிப் பார்த்தது. சிறுத்தை கிழக்குப் பட்டிக்குள் தாவி, கோணக்கொம்பரைக் கவ்விக்கொண்டு போனது. எதிர்ப்பட்டியாய் இருந்தாலும் அது கவ்வியிருக்கும். அந்தப் பட்டணத்தில் பேதம் பார்க்காத பிராணி அது ஒன்றுதான்.

பொழுது விடிவதற்குள் வெள்ளச்சி பாறை இடுக்கிலேயே இரண்டு குட்டிகளை ஈன்றது. அன்று மாலை, பல வருஷங்களுக்குப் பிறகு, இரண்டு சபையும் ஒரே தெருவில் கூடின. 'அப்பாடா, காவலுக்கு ஆள் போடப் போகிறார்கள்' என்று வெள்ளச்சி குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஆசையோடு இறங்கி வந்தது.

"நேற்று நீதானே பார்த்தாய்?" என்று தாடியப்பர் கேட்டார்.

"ஆமாம், ஐயா. சிறுத்தை புதருக்குப் பின்னாலிருந்து…"

"அதை யார் கேட்டது? சாகும்போது அவர் எந்தக் காலை முதலில் மடக்கினார்?"

வெள்ளச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "சிறுத்தை இடக்காலைக் கவ்வியது. அதுதான் மடங்கியது."

"கேட்டீர்களா! கடைசி மூச்சில் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டார்!" என்று தாடியப்பர் துள்ளினார். "நடக்கட்டும் நன்றிப் பிரார்த்தனை!"

"சிறுத்தை மடக்கியதெல்லாம் செல்லாது!" என்று கிழக்கே குதித்தார்கள். "நடக்கட்டும் பரிகாரப் பிரார்த்தனை!"

இரண்டு பக்கமும் தொண்டை கிழிந்தது. மேலே குருவி மறுபடி அலறியது. இம்முறை வெள்ளச்சி யாரையும் கூப்பிடவில்லை. குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு பாறை இடுக்குக்குள் போய்விட்டது.

அன்று சிறுத்தை கவ்வியது தாடியப்பரை. அவர் எந்தக் காலை முதலில் மடக்கினார் என்று சொல்லத்தான் சாட்சி இல்லாமல் போயிற்று.

நீதி: எப்படி வணங்குவது என்று அடித்துக்கொள்கிறவர்கள், எதற்காக வணங்கினோம் என்பதை மறந்துபோவார்கள்.