பண்ணாடி அடித்த முளைக்குச்சி

காங்கேயம் பக்கத்து நிலக்காரர், பண்ணாடி மாரப்பரைப் பற்றி அவர் பேரன் சொன்ன கதை இது. பல வருடமாக எனக்கு இதில் சந்தேகம்.

மேய்ச்சல் காடு தலை வாரியது போல இருக்க வேண்டும் என்று, கொழுக்கட்டைப் புல் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கவைத்தார் பண்ணாடி. அவர் காட்டில் ஆடு மேய்க்க வரும் செல்லாத்தாளின் மூலை மட்டும் மிச்சம். அங்கே நரிப்பயறு, நெருஞ்சி, ஒட்டன்புல் எல்லாம் கலந்து முழங்கால் உயரம் நின்றன.

"நாளைக்குள்ள அந்தக் குப்பையைப் புடுங்கு. இல்லீனா ஆட்டை ஓட்டீட்டுப் போயிரு," என்றார், விருந்தாளிகள் முன்னால்.

"செரிங்க பண்ணாடி. உங்க காளையை ரெண்டு பக்கமும் முளையடிச்சுக் கட்டிப் பாருங்க. முளைக்குச்சி எங்க நிக்குதோ, அந்தப் பக்கத்தைத் தொடாம உட்ருங்க," என்றாள் செல்லாத்தாள்.

பண்ணாடி சிரித்தபடி தன் பக்கம் முளையடித்து, பெருமைக்குக் கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டார். காளை ஒரே இழுப்பு இழுத்தது. முளை புல்லோடு வந்தது, பண்ணாடி குப்புற வந்தார். காளை நேராக அவள் மூலையில் போய் மேய்ந்தது. அங்கேயே அவள் ஒரு முளையடித்து அதைக் கட்டினாள்; அந்த முளையை அதனால் அசைக்க முடியவில்லை.

"நீங்க களைன்னு புடுங்குனதுதானுங்க கீழ மண்ணைப் புடிச்சிட்டு இருந்துச்சு," என்றாள்.

தாத்தா பெருந்தன்மையோடு அந்த மூலையை அவளுக்கே விட்டார் என்று பேரன் முடிப்பார். போன மாதம்தான் கேட்டேன்: "பெருந்தன்மையா, இல்லை வாய் நிறைய மண் இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லையா?"