நிலவறையில் நடந்த சமாதானப் பேச்சு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கொடுமுளூர் நாட்டைக் குலவையராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு உத்தரவு போடுவான், சாயங்காலம் அதை மாற்றுவான்.

ஒருநாள் ஒற்றன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அரசே! அக்கரையில் மேலைக்காவு நாட்டார் நூறு பானையில் கதண்டுகளை அடைத்து, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள்!"

கதண்டு என்றால் பெரிய விஷக்குளவி. பத்து சேர்ந்து கொட்டினால் எருமையே சாய்ந்துவிடும். ராஜா நடுங்கிப்போனான்.

"அப்படியானால் நமக்கு இருநூறு பானை!" என்றான்.

காட்டுக்குப் போன வீரர்கள் முகம் பூசணிக்காயாக வீங்கித் திரும்பினார்கள். ஆனாலும் இருநூறு பானையும் நிரம்பிவிட்டன. வேறு யாரையும் நம்பாத ராஜா, அவற்றை அரண்மனை நிலவறையிலேயே அடுக்கச் சொன்னான்.

சத்தம் கேட்டால் கதண்டு கிளம்பிவிடுமே! ஊரில் உலக்கை போடத் தடை. தாலி கட்டும் நேரத்தில் மேளக்காரர் மேளத்தைத் தொடாமல் கையை மட்டும் ஆட்டினார். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள்.

இப்படியிருக்கும்போது, ஆற்று நடுவில் இருந்த புல்திட்டில் மேலைக்காவு மாடுகள் மேய்ந்துவிட்டன.

"நம் புல்லைத் தின்றுவிட்டார்கள்! பானைகளை வீசுவோம்!" என்று தளபதி அடலேறு தொடையைத் தட்டினார்.

"நாம் வீசினால் அவர்களும் வீசுவார்களே, தளபதியாரே? காற்று திரும்பினால் நம் கதண்டே நம்மைக் கொட்டும். அதற்கு எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பத் தெரியுமா?" என்றாள் தூது அமைச்சர் அலங்காரவல்லி.

அவள் பேச்சை ராஜா கேட்பது தளபதிக்கு நெடுநாளாகவே வயிற்றெரிச்சல். "அரசே, அம்மணி நாளைக்குள் சமாதானம் செய்துகாட்டட்டும். முடியாவிட்டால் அவர் பதவி எனக்கு. பானைகளும் பறக்கும்!"

"சரி" என்றுவிட்டான் ராஜா.

மறுநாள் மேலைக்காவுத் தூதர் வல்லாளர் வந்தார். அவர் பேசினால் தூணில் இருக்கும் புறா பறந்துவிடும். இதுவரை நடந்த ஏழு பேச்சுவார்த்தையும் அவர் கத்தியதிலேயே முறிந்தவை. அலங்காரவல்லி அவரை நேரே நிலவறைக்கு அழைத்துப்போனாள். பானைகளுக்கு நடுவே போட்டிருந்த நாலு மணைகளில் இரண்டில் ராஜாவும் தளபதியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கள் மன்னர் உங்களை..." என்று வல்லாளர் ஆரம்பித்ததும், இருநூறு பானையும் "ங்ஙொய்ய்" என்றன.

"எங்களை என்ன செய்வதாகச் சொன்னார்?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"நலம் விசாரிக்கச் சொன்னார்" என்று அவரும் கிசுகிசுத்தார்.

தளபதி தொடையைத் தட்டக் கையை ஓங்கினார். பானைகளைப் பார்த்தார். ஓங்கிய கையால் தொடையைத் தடவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு விக்கல் வந்தது. "ஹிக்!" பானைகள் உறுமின. "ஹிக்!" ஒரு மூடித்துணி புடைத்தது.

"திட்டில் காலையில் உங்கள் மாடு, மாலையில் எங்கள் மாடு. சம்மதமா?" என்றாள் அலங்காரவல்லி.

"சம்மதம், சம்மதம்!"

"எல்லாப் பானையையும் மலைக்காட்டில் திறந்துவிடுவோம்."

"எப்படி நம்புவது?"

"எங்கள் பானைகளை உங்கள் ஆட்கள் சுமக்கட்டும். உங்களுடையதை நாங்கள் சுமக்கிறோம். தன் தலைமேல் இருப்பதை எவன் கீழே போடுவான்?"

அடுத்த விக்கலுக்குள் ஓலையில் முத்திரை விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் தளபதி மீசையை முறுக்கினார். "நானா பயந்தேன்? சும்மா நடித்தேன்!"

"அப்படியா? அவர்களுடைய முதல் பானையை நீரே சுமந்துவாரும்" என்றான் ராஜா.

தளபதி நுனிக்காலால் மலைவரை நடந்தார். வேர்வை ஆறாக ஓடியது. கொடுமுளூர்ப் பானைகளைத் தூரத்திலிருந்து கயிறு கட்டித் திறந்தார்கள். கதண்டுகள் காட்டுக்குள் போயின. தளபதியின் பானையைத் திறந்தால், ஒரு பல்லி எட்டிக் குதித்தது. தளபதி "ஐயோ!" என்று மரத்தில் ஏறிவிட்டார். மேலைக்காவின் மற்றப் பானைகளில் பல்லிகூட இல்லை.

வல்லாளர் தலையைச் சொறிந்தார். "எங்கள் நாட்டில் கதண்டு பிடிக்க யாருக்கும் தைரியம் இல்லை. துணியை மட்டும் கட்டி, சேதியைப் பரப்பிவிட்டோம்."

ராஜா தன் அமைச்சரைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா, வல்லி?"

"தெரியும், அரசே. போன மாதம் தூது போனபோது பார்த்தேன். அவர்கள் காவலர்கள் பானைமேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் தளபதியார் அன்றைக்கே நம் பானைகளை வீசியிருப்பாரே? அந்தக் கரையிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அரசே."

மரத்தில் இருந்த தளபதி இன்னொரு கிளை மேலே ஏறிக்கொண்டார்.

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

"தளபதியை மட்டும் சொல்லாதே. நானும் வீசத்தான் சொல்லியிருப்பேன். இனிமேல் போர் என்று நான் உத்தரவு போட்டால், நீ முத்திரை வைக்காதவரை அது செல்லாது."